ஊசிக்காரம்மாவின் நாலு வார்த்தை

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்களுக்கு ஒரே பதில்தான் உண்டு. "கண்டிப்பா வந்துடறோம்." போகப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டாலும் அதேதான் பதில். வந்தவருக்கும் அது தெரியும். காபியைக் குடித்துவிட்டு, இந்த வீட்டில் வரமாட்டார்கள் என்று மனசுக்குள் இரண்டு இலையைக் குறைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். யாருக்கும் மனக்கஷ்டம் கிடையாது.

இப்படிப்பட்ட ஊரில், பால் சொசைட்டித் தலைவர் தன் மகள் கல்யாணத்துக்குத் தட்டில் பழமும் பத்திரிகையும் வைத்து நீட்டியபோது, ஊசிக்காரம்மா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னார்: "வர்றதுக்கு சான்ஸ் கம்மிதான் தலைவரே. அன்னிக்கு மானாம்பதில கேம்ப் கீது. மதியத்துக்குள்ள முடிஞ்சா வருவேன். முடியறதே டவுட்டுதான்."

நான் சொசைட்டியில் பால் டெஸ்டர். பக்கத்தில் நின்று கொழுப்பு பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்குழாய் கையைவிட்டு நழுவப் பார்த்தது. அவர் வண்டியில் கிளம்பியதும் தலைவர் என்னிடம்தான் காய்ந்தார். "இன்னாய்யா இந்தம்மா? கண்டிப்பா வரேன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்துடுமா?"

ஊசிக்காரம்மா கல்யாணத்துக்கு வரவில்லை. ஆனால் முந்தின நாள் சாயங்காலமே தலைவர் வீட்டுக்குப் போய், பெண்ணைப் பார்த்து, புடவை வைத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். கண்டிப்பாக வருகிறோம் என்று சொன்னவர்களில் பாதிப்பேர் இரண்டையும் செய்யவில்லை. நான் அவர்களில் ஒருவன்.

அவர் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர். உத்திரமேரூரிலிருந்து காலையில் ஸ்கூட்டியில் வருவார். பின் சீட்டில், காளை விந்தை உறைய வைத்திருக்கிற, திறந்தால் வெள்ளைப் புகை விடுகிற ஓர் உருளை கட்டியிருக்கும். முப்பது வயசு இருக்கும். ஊர் அவரை ஊசிக்காரம்மா என்றது. பாசத்தில் யாராவது டாக்டரம்மா என்று கூப்பிட்டால் வண்டியை நிறுத்தித் திருத்துவார். "டாக்டர் வேற, நான் வேற. நான் ஊசி போடறவ." அதனால் நானும் அவரை ஊசிக்காரம்மா என்றே எழுதுகிறேன். எங்கள் ஊரைவிட்டு மாற்றலாகிப் போய் நாலு வருஷமாகிறது. பேரைச் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இப்போது சொன்னால் எனக்கே யாரோ மாதிரி இருக்கும்.

ஊசி போட்ட ஒவ்வொரு மாட்டுக்கும் ஓர் அட்டை உண்டு; மாட்டுக்காரர் வீட்டில் இருக்கும், மேலிடத்துக் கூட்டத்துக்குப் போய்த் திரும்பி வரும். மாட்டின் நிறம், காதில் குத்திய எண், ஊசி போட்ட தேதி எல்லாம் அதில் இருக்கும். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அதை ஆங்கிலத்தில்தான் நிரப்ப வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அவருக்கு முன்னால் இருந்த மனுஷர் எல்லா மாட்டுக்கும் 'ஓகே' என்று எழுதினார். சினை பிடித்த மாடும் ஓகே, பிடிக்காத மாடும் ஓகே. செத்துப்போன மாடு ஒன்றுகூட அட்டையில் ஓகேயாக இருந்தது.

ஊசிக்காரம்மா அந்தக் கட்டத்தில் முழு வாக்கியம் எழுதினார். மாகறல் பக்கம் பிறந்து தமிழ் வழியில் படித்தவர். ஆங்கிலம் அவருக்கு மணலில் மிதிக்கும் சைக்கிள்தான். ஆனாலும் 'ஓகே' என்று எழுதக் கை வரவில்லை என்பார். மாட்டுக்காரர்களுக்கு வேண்டியது சினை பிடித்ததா இல்லையா என்ற சேதி. அதை ஊசி போட்ட பத்தாம் நாளிலேயே கேட்பார்கள். உண்டு, இல்லை என்று அவ்வளவு சீக்கிரம் யாராலும் சொல்ல முடியாது. நடுவில் இருக்கிறதை எப்படி எழுதுவது என்பதுதான் அவர் கவலை.

ஊருக்குள் ஆங்கிலம் என்றால் நான்தான். அஞ்சல் வழியில் பி.ஏ. ஆங்கிலம். வங்கிக் கடிதம், கரண்ட் ஆபீஸ் மனு, துபாய் போகிறவனின் பயோடேட்டா எல்லாம் என் கையெழுத்தில்தான் போகும். ஒரு நாள் பால் வரிசை முடிந்ததும் வந்து கேட்டார்.

"ஏண்ணா, 'தி கௌ இஸ் ப்ராபபிள் டு கால்வ்'னு எழுதலாமா? கன்னு போடறதுக்கு வாய்ப்பு கீதுன்னு சொல்லணும்."

"தாராளமா எழுதலாம்மா" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. எனக்குத் தெரியாது என்பதே எனக்குத் தெரியவில்லை.

அந்த மாசம் மேலிடத்துக் கூட்டத்தில் அட்டைகளைப் புரட்டிய ஒருவர் அந்த வாக்கியத்தைச் சத்தமாகப் படித்திருக்கிறார். ஒருவர் சிரிக்க, அறையே சிரித்திருக்கிறது. இவர் எழுந்து நின்றபடி அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மறுநாள் காலையில் வந்தவர் முகம் வாடியிருந்தது. என்மேல் எரிந்து விழுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"ஏண்ணா, அது சரின்னு உங்களுக்குத் தெரியுமா, இல்ல சரியா இருக்கும்னு தோணுச்சா?"

"தோணுச்சு" என்றேன்.

"அப்ப தோணுதுன்னு சொல்லியிருக்கலாமே."

குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு எரிந்தது. திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசித் தீர்த்திருப்பேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்தபடியே, "சரியாத்தான கேட்டுகீது அந்தப் பொண்ணு" என்றாள்.

அதற்கப்புறம் அவர் என்னிடம் கேட்பதை நிறுத்திக்கொண்டார். போனில் பார்த்தார், யார் யாரையோ கேட்டார், ஒரு நோட்டுப் போட்டு எழுதினார். ஒரு மாசம் கழித்து அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். "லைக்லிக்கு முன்னாடி மாட்டையே நிறுத்தலாம்ணா. 'தி கௌ இஸ் லைக்லி டு கால்வ்.' ப்ராபபிளும் பாசிபிளும் அப்பிடி வராது. அதுங்களுக்கு முன்னாடி 'இட்'டத்தான் நிறுத்தணும். 'இட் இஸ் பாசிபிள் தட்'னு ஆரம்பிச்சு, மாடு அப்பறம்தான் வரணும். சர்ட்டன் ரெண்டு வழிக்கும் வரும்." நான் தலையாட்டினேன். பி.ஏ. படித்த மூன்று வருஷத்தில் இது என் காதில் விழவே இல்லை.

சொசைட்டியின் வெளிச்சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. அன்றைக்குக் கொழுப்பு அளவு எழுதுவேன். கீழ் மூலையில் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும். அந்த மூலையை அவர் பிடித்துக்கொண்டார். தினம் ஒரு வாக்கியம், பழக்கத்துக்காக. 'ரெயின் இஸ் அன்லைக்லி டுடே.' இன்றைக்கு மழை வர வாய்ப்பு கம்மி. 'இட் இஸ் பாசிபிள் தட் தி ஃபீட் லாரி வில் கம்.' தீவன லாரி வந்தாலும் வரலாம். ஒரு நாள் நான் கதவைத் திறக்கும்போதே பலகையில் இருந்தது: 'தி டெஸ்டர் இஸ் லைக்லி டு பி லேட்.' டெஸ்டர் லேட்டாகத்தான் வருவார் போலிருக்கிறது. பத்து நிமிஷம் லேட்டாகத்தான் வந்திருந்தேன். வரிசையில் நின்ற பெண்கள் யாரிடமோ அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்து முடித்திருந்தார்கள்.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் பலகையைப் பார்த்துவிட்டுப் போகும். பெண்கள் பிள்ளைகளைக் கேட்பார்கள். இப்படித்தான் அந்த நாலு வார்த்தை ஊருக்குள் பரவியது. சர்ட்டன், லைக்லி, பாசிபிள், அன்லைக்லி: நிச்சயம், அநேகமாக, நடந்தாலும் நடக்கலாம், சந்தேகம்தான். ப்ராபபிளை மட்டும் நாக்கு சுளுக்குகிறது என்று விட்டுவிட்டார்கள். கொஞ்ச நாளில் வரிசையில் இப்படிப் பேச்சு கேட்கும்:

"ஏமா, உம் மாடு இன்னா ஆச்சு?"

"போன வாரம் பாசிபிள்னு எழுதிட்டுப் பூட்டாங்க. நேத்து வந்து லைக்லின்னாங்க."

"எனுது இன்னும் பாசிபிள்லயே நிக்குதுடி."

மாட்டோடு நின்றதா? ஒருத்தி தன் மகனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்து, "பொண்ணு வூட்டுல லைக்லின்னுதான் தோணுது" என்றாள். கரண்ட் போனால், சாயங்காலத்துக்குள் வருமா என்பதற்கு 'அன்லைக்லி' என்று பதில் வந்தது. ஊருக்குள் ஆங்கிலம் என்றால் நான் என்ற பெருமை அதோடு போயிற்று.

ஊசிக்காரம்மா மாட்டைச் சோதிக்கிற விதமே தனி. தோள்வரை நீளும் கையுறையை மாட்டிக்கொண்டு, எண்ணெய் தடவி, மாட்டின் முதுகில் மற்றொரு கையை வைத்து, "பொறுத்துக்கோ தாயே" என்பார். பின்புறமாகக் கை உள்ளே போனதும் கண்ணை மூடிக்கொள்வார். விரல் பார்க்கிறதைக் கண் கெடுத்துவிடுமாம். முடித்துக் கையைக் கழுவிய பிறகு ஒரு நிமிஷம் சும்மா நிற்பார். மாட்டுக்காரர் கேட்க வாயெடுத்தால் கையைக் காட்டி நிறுத்துவார். அந்த ஒரு நிமிஷத்தில், கைக்குத் தெரிந்தது எவ்வளவு, தான் ஆசைப்பட்டுச் சேர்த்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதாக என் மனைவியிடம் ஒரு தரம் சொல்லியிருக்கிறார். பிரித்த பிறகுதான் எழுதுவார்.

அவர் வீட்டுக்காரர் ஏனாத்தூரில் காலேஜ் பஸ் ஓட்டுகிறவர். ஸ்கூட்டி பஞ்சரான ஒரு நாள் மனைவியைப் பைக்கில் கொண்டுவந்து விட்டார். நான் டீ வாங்கிக் கொடுத்ததும் பெண் பார்த்த கதையைச் சொன்னார். "பொண்ணுக்கு மாப்ளய புடிச்சிக்கீதான்னு எங்க சித்தப்பா கேட்டாருண்ணா. இவ இன்னா சொன்னா தெரியுமா? 'புடிக்கறதுக்கு வாய்ப்பு கீது. இன்னும் ரெண்டு வாட்டி பேசினா தெரியும்'னு சொல்லிட்டா. எங்கம்மா எந்திரிச்சிட்டாங்க. நான் எந்திரிக்கல."

"அப்பறம்?"

"ரெண்டு வாட்டி போய்ப் பேசினேன். மூணாவது வாட்டி, புடிச்சிக்கீதுன்னு சொன்னா. அன்னிலேர்ந்து ஒரு நாளும் எனக்கு அதுல சந்தேகம் வந்ததில்லண்ணா." டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மனைவி இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பொறாமையாக இருந்தது எனக்கு.

இனி எங்கள் மாட்டுக்கு வருகிறேன். எங்களுடையது ஒரு செவலைப் பசு. பிறந்த மூன்றாம் நாள் தாயைப் பாம்பு கடித்துவிட்டது. என் மனைவி புட்டியில் பால் கொடுத்து வளர்த்தாள். நடையில் ஒரு மிடுக்கு இருக்கும். வழியில் யார் நின்றாலும் ஒதுங்காது. அதனால் அவள் வைத்த பேர் கலெக்டரம்மா. முதல் கன்று போட்டு, பால் வற்றி, அதற்கப்புறம் இரண்டு தரம் ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. மூன்றாவது ஊசி போட்டு நாற்பது நாள் ஆனபோது ஒரு ராத்திரி கத்திவிட்டது. கத்தினால் மறுபடி பருவத்துக்கு வந்துவிட்டது, சினை நிற்கவில்லை என்று அர்த்தம். அப்படித்தான் எல்லோரும் சொல்வார்கள்.

கொட்டகையும் தீவன நிலமும் எனக்கும் அண்ணனுக்கும் பொது. கறக்காத மாட்டுக்குத் தீவனம் போடலாமா என்பதில் அவர் வார்த்தைதான் கடைசி. அண்ணன் மறுநாளே தரகரைக் கூட்டிவந்துவிட்டார். தரகர் மாட்டின் வயிற்றுப் பக்கம் இரண்டு குத்து குத்திப் பார்த்துவிட்டு, "மலட்டு மாடு. கண்டிப்பா நிக்காது. எத்தினி மாடு பாத்துக்கீறேன்" என்றார். திங்கட்கிழமை லாரி வரும் என்று பேசி முடித்தாயிற்று. அது எங்கே போகிற லாரி என்று எல்லோருக்கும் தெரியும். அந்த லாரியில் ஏறிய மாடு எதையும் யாரும் திரும்பப் பார்த்ததில்லை.

என் மனைவி அழவில்லை. சோறு சமைத்து, எல்லோருக்கும் போட்டுவிட்டு, தான் சாப்பிடாமல் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டாள். "ஊசிக்காரம்மாவ வரச்சொல்லு" என்றாள்.

அது சனிக்கிழமை. அவர் வந்தார். சோதித்தார். கையைக் கழுவிவிட்டு அந்த ஒரு நிமிஷம் நின்றார். எங்கள் மூன்று பேருக்கும் அது ஒரு மணி நேரம். அப்புறம் அட்டையில் எழுதினார். 'தி கௌ இஸ் லைக்லி டு பி ப்ரெக்னன்ட்.' மாடு அநேகமாகச் சினை.

"கத்திச்சே" என்றார் அண்ணன்.

"சினையா கீறப்பவும் சில மாடு கத்தும் பெரியண்ணே. கைக்கு ஒரு மாதிரி தட்டுப்படுது. ஆனா இன்னும் சின்னதா கீது. இருவது நாள் போனா தெளிவா சொல்லிடுவேன்."

"இருவது நாள் லாரி நிக்காதும்மா. சினைதான்னு கண்டிப்பா சொல்லு, நிறுத்திக்கறேன். இல்லன்னா வுட்டுடு." அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஊசிக்காரம்மாவை வாசல்வரை கொண்டுவிடுகிற சாக்கில் நான் பின்னாலேயே போனேன். ஸ்கூட்டியைக் கிளப்பப் போனவரிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். "லைக்லிய அடிச்சிட்டு சர்ட்டன்னு எழுதிடும்மா. ஒரு வார்த்தைதானே. நீ சொல்றது எப்பிடியும் நடக்கத்தான போவுது."

"நடக்காம போனா?"

"போனா போவுது. மாடு அதுக்குள்ள இருவது நாள் உசுரோட இருக்கும்."

அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். அந்த மாட்டை அவரும் மூன்று வருஷமாகத் தொட்டுப் பழகியவர். ஆனாலும் தலையை ஆட்டினார். "எனக்கும் எழுதிடலாம்னுதாண்ணா கீது. அதனாலதான் பயமா கீது. கைக்குத் தெரிஞ்சதத்தான் எழுதிக்கீறேன். வேணும்னா உங்க அண்ணன் கால்ல வுழறேன். இத்த மாத்தமாட்டேன்."

எனக்கு வந்த கோபத்தை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. கல்நெஞ்சக்காரி என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவர் வண்டியைக் கிளப்பினார். வண்டி ஏரிக்கரைத் திருப்பம்வரை போய் மறைகிறவரை முறைத்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமைக் காலை பால் வரிசையில் அண்ணனும் கேனோடு நின்றார். அவருக்குத் தனியாக இரண்டு எருமை உண்டு. என் மனைவி வழக்கமாக சொசைட்டிப் பக்கம் வரமாட்டாள். அன்றைக்கு வந்தாள். வரிசைக்கு முன்னால் போய் நின்று, அண்ணன் முகத்தைப் பார்க்காமல் பெண்களைப் பார்த்துக் கேட்டாள்.

"ஊசிக்காரம்மா லைக்லின்னு எழுதினது யார் யார் மாட்டுக்கு? கன்னு போட்டுச்சா, இல்லியா? எனக்கு அது தெரியணும்."

வரிசையில் முதலில் நின்ற பெண், "எனுது போட்டுச்சு" என்றாள். அடுத்தவள், "எனுதும்." பின்னாலிருந்து ஒருத்தி, "எனுது பாசிபிள்னுதான் எழுதினாங்க. அதுவே போட்டுச்சு." ஒருத்தி கேனை வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடி, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்த அட்டையோடு வந்தாள். அதைப் பார்த்து மற்றவர்களும் ஓடினார்கள். அரிசி டின்னில் இருந்தது, டிவிக்கு அடியில் இருந்தது, ரேஷன் கார்டோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டது எல்லாம் வந்தன. பால் டெஸ்ட் செய்கிற மேஜை முழுக்க மாட்டு அட்டை. நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். படித்ததும் அந்த மாட்டுக்காரி என்ன ஆயிற்று என்று சொன்னாள்.

கடைசியில் ஊர்க்கோடியில் இருந்து வருகிற ஒரு பெண் கையைத் தூக்கினாள். கூலி வேலைக்குப் போகிறவள், ஒரே மாடு. "எனக்கு லைக்லின்னு எழுதினாங்க. நிக்கல" என்றாள்.

"பாத்தியா?" என்றார் அண்ணன்.

"இருங்க பெரியவரே, முடிக்கல நானு" என்றாள் அவள். "நிக்காம போனாலும் போவும்னு அன்னிக்கே எங்கைய புடிச்சிக்கினு சொல்லிட்டாங்க. அதனால நான் நம்பி ஏமாறல. மூணு மாசம் கழிச்சு மறுபடி போட்டாங்க. இப்ப கன்னு ஓடியாடிக்கினு கீது. எம்மாடு நிக்கலன்னு நானு அவங்கள குத்தம் சொல்லமாட்டேன். அவங்க பொய் சொல்லலியே."

அண்ணன் மேஜையைப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் ஒரே கையெழுத்து அத்தனை அட்டையிலும் நிதானமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது தெரிந்திருக்கும். கேனை எடுத்து என்னிடம் நீட்டினார். "அளந்து ஊத்துடா. இருவது நாள்தான். இருவத்தோராவது நாள் யார் சொன்னாலும் கேக்கமாட்டேன்."

அந்த இருபது நாளும் மனைவி மாட்டுக்குத் தவிடு வைத்தாள், புல் வைத்தாள், நெற்றியில் குங்குமம் வைத்தாள். நான் கொட்டகைப் பக்கம் போகும்போதெல்லாம் வயிற்றை உற்றுப் பார்ப்பேன். வயிறு ஒன்றும் சொல்லாது. ஊசிக்காரம்மா பலகையில் வழக்கம்போல மழையைப் பற்றியும் லாரியைப் பற்றியும் எழுதினார். எங்கள் மாட்டைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. நான் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்க இரண்டு தரம் வாயெடுத்தேன். இரண்டு தரமும் கொழுப்புக்குழாயைக் கழுவப் போய்விட்டேன்.

இருபதாம் நாள் காலை ஏழு மணிக்கெல்லாம் தெருவே எங்கள் வாசலில் நின்றது. கேனோடு நின்றார்கள், பல் குச்சியோடு நின்றார்கள், பள்ளிக்கூடப் பையோடு நின்றார்கள். அண்ணன் கொட்டகைக் கம்பத்தில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டிருந்தார். ஸ்கூட்டி வந்தது. கூட்டத்தைப் பார்த்ததும் ஊசிக்காரம்மா ஒரு கணம் தயங்கி, அப்புறம் யாரையும் பார்க்காமல் கையுறையை மாட்டினார்.

கை உள்ளே போனது. கண்ணை மூடினார். வழக்கத்தைவிட நேரம் ஆயிற்று. கையை வெளியே எடுத்தார். முடிந்தது என்று நினைத்து எல்லோரும் மூச்சுவிட்டபோது மறுபடி உள்ளே விட்டார். என் மனைவி என் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. எங்கோ ஒரு பிள்ளை ஏதோ கேட்க, அதன் வாயை யாரோ பொத்தினார்கள்.

கையை எடுத்து, கையுறையைக் கழற்றி, சோப்புப் போட்டு நிதானமாகக் கழுவினார். நின்றார். அந்த ஒரு நிமிஷம் முடிந்ததும், "அட்டைய குடுங்க அண்ணி" என்றார். ஸ்கூட்டி சீட்டின்மேல் அட்டையை வைத்து எழுதி என்னிடம் நீட்டினார்.

"படிங்கண்ணா. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

படித்தேன். "இட் இஸ் சர்ட்டன்…" என்று ஆரம்பித்தேன். மிச்சத்தை நான் படிக்கவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. 'சர்ட்டன்' என்று ஒரு பையன் கத்தினான். "சர்ட்டன்! சர்ட்டன்டா!" என்று பிள்ளைகள் தெருக்கோடிவரை ஓடினார்கள். ஊர்க்கோடிக்காரி கேன் மூடியை எடுத்துத் தாளம் தட்டினாள். என் மனைவி ஊசிக்காரம்மாவைக் கட்டிக்கொண்டு, இருபது நாளாக அழாததை எல்லாம் சேர்த்து அழுதாள். அண்ணன் போனை எடுத்துத் தரகரை அழைத்து, "மாடு சினைய்யா. நீ வேற தெரு பாத்துக்க" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். அப்புறம் அருவாளை எடுத்துக்கொண்டு மாட்டுக்குப் புல் அறுக்கப் போனார்.

நான் அட்டையைப் பிடித்தபடியே, "அன்னிக்கு வாய்ல வந்தத சொல்லிட்டேன்மா. தப்பு என் மேல" என்றேன். இந்தத் தரம் கழுவுவதற்குக் குழாய் எதுவும் கையில் இல்லை.

"அத்த அன்னிக்கே வுட்டுட்டேண்ணா" என்றார்.

என் மனைவி முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பொட்டக்கன்னா, காளக்கன்னா? அத்தயும் சொல்லிடும்மா" என்றாள்.

"அது எனக்குத் தெரியாது அண்ணி" என்றார் ஊசிக்காரம்மா. தெருவே சிரித்தது.

மாசி மாசம் ஒரு விடியற்காலையில் கலெக்டரம்மா கன்று போட்டாள். பொட்டைக்கன்று, தாயைப் போலவே செவலை. நனைந்த உடம்போடு நாலு தரம் விழுந்து ஐந்தாம் தரம் எழுந்து நின்றது. என் மனைவி கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் அட்டையை எடுத்துவந்தாள். குறிப்புக் கட்டத்தில், சர்ட்டன் என்று எழுதிய வரிக்குக் கீழே, தன் கோணல்மாணலான கையெழுத்தில் தமிழில் எழுதினாள்: 'பொறந்துடுச்சு.'

கன்றைப் பார்க்க வந்த ஊசிக்காரம்மா அதைப் படித்தார். மேலிடத்துக்குப் போகவேண்டிய அட்டையாயிற்றே, அடித்துவிடுவார் என்று நினைத்தேன். பேனாவை எடுத்து, அந்த ஒற்றை வார்த்தைக்கு அடியில் தேதி போட்டு, தன் கையெழுத்தையும் போட்டார்.